குரோமெலினுக்கு முன்பே அங்கே லினன் இருந்தது

"1698இல் லூயி குரோமெலின் வரும்வரை அயர்லாந்துக்காரர்களுக்குக் கம்பளி மட்டும்தான் தெரியும். லினன் பிரெஞ்சு அகதிகள் கொடுத்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது சரியில்லை. (லினன் என்பது ஆளிச் செடியின் நாரில் நெய்யும் துணி; குரோமெலின் அந்தப் பிரெஞ்சு அகதிகளில் ஒருவர்.)

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி ஆட்சியில், 1537லேயே, அயர்லாந்தில் ஒரு சட்டைக்கு ஏழு கெஜத்துக்கு மேல் துணி கூடாது, குங்குமப்பூச் சாயமும் கூடாது என்று சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டை லினன்தான். துணியே இல்லாத ஊரில் அளவுக்கு எதற்குத் தடை? 1630களில் இங்கிலாந்து மன்னரின் பிரதிநிதியாக அயர்லாந்தை ஆண்ட வென்ட்வொர்த் ஹாலந்திலிருந்து ஆளி விதை வரவழைத்தார். அயர்லாந்து லினனுக்கு இங்கிலாந்து சுங்கவரியை நீக்கியது 1696இல். இவை எல்லாமே குரோமெலின் வருவதற்கு முந்தியவை.

அவர் பங்கு சிறியதில்லை. வடக்கே லிஸ்பர்ன் ஊரில் முதலும் தறிகளும் போட்டு நயமான ரகங்களை வளர்த்தார். ஆனால் தொழிலைத் தாங்கியவை அயர்லாந்தின் வட மாகாணமான அல்ஸ்டரின் சிறு விவசாயக் குடும்பங்கள். ஆளிச் செடியை அறுக்காமல் வேரோடு பிடுங்கி, குட்டையில் ஒன்றிரண்டு வாரம் ஊறப்போடுவார்கள் (நாற்றம் ஊரையே தூக்கும், அந்தத் தண்ணீரை ஆற்றில் விட்டால் மீன் சாகும்). அப்புறம் உலர்த்தி, அடித்து, சீப்பில் வாரி நார் எடுப்பார்கள். பெண்கள் ராட்டையில் நூற்க, ஆண்கள் நெய்வார்கள். துணியை மோரில் ஊறவைத்துப் புல்வெளியில் விரித்து வெளுப்பதும் உண்டு.

வீட்டு ராட்டையை ஓரங்கட்டியது, 1825இல் ஜேம்ஸ் கே கண்டுபிடித்த ஈர நூற்பு முறையும் (நாரை நீரில் ஊறவைத்து இயந்திரத்தில் நூற்பது) அதன்பின் பெல்ஃபாஸ்ட்டில் எழுந்த ஆலைகளும்தான்.