‘துபாய் பேங்க்ல இருந்து பேசுறோம்’ என்று போன் வந்தால்

வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் பலருக்கு இப்போது ஒரே மாதிரியான போன் வருகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் +971 என்று தொடங்கும் எண், இல்லையென்றால் டெல்லி, மும்பை பக்கத்து எண். "துபாய்ல நீங்க வாங்கின கிரெடிட் கார்டு பாக்கி நிக்குது சார். வட்டியோட இவ்வளவு ஆயிருக்கு. சாயந்தரத்துக்குள்ள கட்டலேன்னா கேஸ் ஃபைல் ஆயிடும்." அடுத்த போன் அப்பாவுக்கு. அதற்கடுத்தது மச்சானுக்கு. சிலருக்கு, இப்போது வேலை செய்யும் அலுவலகத்துக்கே போகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் கேட்கிறவருக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டக்கூடாது. கடன் உண்மையாகவே இருந்தாலும் கட்டக்கூடாது. காகிதம் வரட்டும், பிறகு பேசலாம்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், பேசுகிறவர் யார் என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. வங்கி முறையாக அதிகாரம் கொடுத்த வசூல் நிறுவனமாக இருக்கலாம். எப்போதோ கைக்கு வந்த பழைய வாடிக்கையாளர் பட்டியலை வைத்துக்கொண்டு தானாகவே வசூலில் இறங்கிய கும்பலாக இருக்கலாம். முழு மோசடிக்காரராகவும் இருக்கலாம். மூவரும் ஒரே வசனத்தைத்தான் பேசுகிறார்கள். உங்கள் பெயர், பழைய பாஸ்போர்ட் எண், அங்கே வேலை பார்த்த கம்பெனி எல்லாவற்றையும் மளமளவென்று சொல்வார்கள். "இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்காங்களே, உண்மையாத்தான் இருக்கும்" என்று நம்மவர்கள் அங்கேதான் விழுகிறார்கள். விசாவுக்கும் சிம் கார்டுக்கும் வாடகை வீட்டுக்கும் என்று நம் ஆவண நகல்கள் எத்தனை கைகளுக்குப் போயிருக்கின்றன! விவரம் தெரிந்திருப்பது அதிகாரத்துக்குச் சான்று ஆகாது. திரையில் தெரியும் எண்ணும் சான்று ஆகாது, அதையும் போலியாகக் காட்ட முடியும்.

அவர்கள் சொல்வது முழுப் பொய்யாக இருந்தால் இத்தனை பேர் பயப்பட மாட்டார்கள். பாதி உண்மையைக் கலந்து சொல்கிறார்கள். "இந்தியாவுக்கும் துபாய்க்கும் இப்ப ஒப்பந்தம் இருக்கு, உங்க வீட்டை ஜப்தி பண்ணலாம்" என்பது அதில் முக்கியமானது. இதன் பின்னால் இருக்கும் உண்மை இதுதான்: 2020 ஜனவரி 17 அன்று மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்படி ஐக்கிய அரபு அமீரகத்தின் குறிப்பிட்ட நீதிமன்றங்கள் கொடுக்கும் பணம் சார்ந்த தீர்ப்பை, இந்தியாவில் மாவட்ட நீதிமன்றம் மூலம் நிறைவேற்றிக்கொள்ளலாம். இப்படித் தீர்ப்பை இங்கே நிறைவேற்றக்கூடிய நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூரும் மலேசியாவும் முன்பே உள்ளன. ஆகவே "ஊருக்கு வந்துட்டோம், இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று தைரியம் சொல்லும் நண்பர்களையும் நம்பாதீர்கள்.

ஆனால் அந்தப் பிரிவு வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். முதலில் அங்கே வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கியிருக்க வேண்டும். அந்தத் தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலையும், அதில் எவ்வளவு இதுவரை வசூலாகியிருக்கிறது என்று அந்த நீதிமன்றம் தரும் சான்றையும் இங்கே மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அப்போதும் நம் தரப்பைச் சொல்ல இடம் இருக்கிறது. எனக்கு உரிய முறையில் தகவலே தரவில்லை, வழக்கின் தகுதியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவில்லை, மோசடியாக வாங்கிய தீர்ப்பு என்றெல்லாம் 13-வது பிரிவின் கீழ் ஆட்சேபிக்கலாம். இதில் எந்தப் படியும் வாட்ஸ்அப்பில் நடப்பதில்லை. சிங்க முத்திரையும் தராசுப் படமும் போட்டு வரும் பிடிஎஃப், நீதிமன்ற உத்தரவு ஆகாது.

"இன்டர்போல் தேடும்" என்பது இன்னொரு மிரட்டல். இன்டர்போலின் விதிகளே தனியார் பணத் தகராறுகளை சிவப்பு அறிவிக்கைக்கு (ஒருவரைத் தேடிப் பிடிக்கச் சொல்லி நாடுகளுக்கு அனுப்பும் வேண்டுகோள்) உரியவை அல்ல என்று பொதுவாக விலக்கிவைத்திருக்கின்றன. பாஸ்போர்ட்டை முடக்கும் அதிகாரம் 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாஸ்போர்ட் அதிகாரியிடம் இருக்கிறது, வசூல் ஏஜென்டிடம் இல்லை. கடனைக் கட்ட முடியாமல் போனது மட்டுமே காரணமாகப் போலீஸ் வீடு தேடி வந்து கைது செய்யாது.

செக் விஷயத்தையும் சொல்ல வேண்டும். அமீரகத்தில் லோன் வாங்கும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக்கை வைத்து "ஜெயில்" என்று மிரட்டுவது பழைய பழக்கம். 2022 ஜனவரி 2 முதல் அங்கேயே சட்டம் மாறிவிட்டது. கணக்கில் பணம் இல்லாமல் செக் திரும்புவது பெரும்பாலும் குற்ற வழக்காகாமல், உரிமையியல் வசூலாகவே போகிறது. ஏமாற்றும் நோக்கம் இருந்தால் மட்டும் கதை வேறு. ஆனால் அங்கே வழக்கு இருந்தால், மறுபடி வேலைக்குப் போகும்போது விமான நிலையத்தில் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. திரும்பிப் போகும் எண்ணம் இருப்பவர்கள் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. நிதி சார்ந்த குற்ற வழக்கு இருக்கிறதா என்று எமிரேட்ஸ் ஐடி (அமீரகத்தில் வசிப்பவர்களுக்குத் தரும் அடையாள அட்டை) எண்ணை வைத்து துபாய் போலீஸின் இணையச் சேவையில் பார்க்கலாம். பயண டிக்கெட் போடும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

சரி, போனில் என்ன பேசுவது? குறைவாகப் பேசுவது நல்லது. "உங்கள் முழுப்பெயர், உங்கள் நிறுவனத்தின் பெயர், முகவரி, எந்த வங்கிக்காக, எந்தக் கணக்கு, வங்கி உங்களுக்குக் கொடுத்த அதிகாரக் கடிதம், அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று காட்டும் ஸ்டேட்மென்ட், எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்புங்கள்" என்று போன் செய்தவரிடம் சொல்லிவிட்டு வைத்துவிடலாம். உண்மையான நிறுவனத்துக்கு இது சாதாரணக் கோரிக்கை. மற்றவர்கள் குரலை உயர்த்துவார்கள். "ஆமா, நான்தான் வாங்கினேன், கொஞ்சம் கொஞ்சமா கட்டிடறேன்" என்று பயத்தில் எழுதி மட்டும் அனுப்பிவிடாதீர்கள். காலக்கெடு கடந்துபோன கடனைக்கூட, கையெழுத்திட்ட எழுத்துபூர்வ வாக்குறுதி மறுபடி உயிர்ப்பிக்கும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25-வது பிரிவு சொல்கிறது. ‘நல்லெண்ணத் தொகை’ என்று ஐயாயிரம் ரூபாய் கேட்பார்கள், அதுவும் வேண்டாம். ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்குப் பணம் கேட்டால் அதற்கு மேல் யோசிக்கவே தேவையில்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வீட்டுப் பெரியவர்களைக் குறிவைப்பதுதான். எழுபது வயது அம்மாவிடம் "உங்க பையன் ஜெயிலுக்குப் போவான்" என்று சொல்ல எப்படி மனசு வருகிறது? மகன் வெளிநாட்டில் கடன்பட்டது தெருவுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்து, யாரிடமும் கேட்காமல் நகையை அடகு வைக்கிறார்கள். அந்த மௌனத்தை நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. ஆகவே கடன் இருந்தால் வீட்டில் சொல்லிவிடுங்கள், தொகையையும் சேர்த்து. தெரிந்துகொண்ட அம்மாவை மிரட்டுவது கடினம். "எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க தம்பி" என்ற ஒரே பதிலை அவருக்குச் சொல்லிக் கொடுங்கள்.

இங்கே கடன் கொடுத்த வங்கிகளின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சொன்னது. வெளிநாட்டு வங்கிக்காகப் பேசுகிறவரை அந்த விதி நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்பது பெரிய குறை. ஆனால் மிரட்டல் யார் செய்தாலும் இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-வது பிரிவில் குற்றம். பணம் பறிக்க மிரட்டினால் 308-வது பிரிவு. அழைப்பின் பதிவு, எண், மெசேஜ் ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள். எண்ணை பிளாக் செய்வதற்கு முன் எடுத்து வைத்துவிடுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

கடன் உண்மைதான் என்றால் ஓடாதீர்கள். வட்டி நிற்காது. ஏஜென்ட் தந்த எண்ணை விட்டுவிட்டு, வங்கியின் இணையதளத்தில் இருக்கும் மின்னஞ்சலுக்கு நீங்களே எழுதுங்கள். அந்த ஏஜென்சிக்கு அதிகாரம் கொடுத்தீர்களா என்று கேளுங்கள். வேலை போனதையோ உடல்நிலையையோ சொல்லிக் குறைத்து முடிக்கக் கேளுங்கள், வங்கிகள் பல நேரம் இறங்கி வருகின்றன. சம்மதித்த தொகை வங்கியின் கடிதத்தில் வரவேண்டும். வந்த பிறகு வங்கியின் கணக்குக்கே கட்டுங்கள். கட்டி முடித்ததும் பாக்கி இல்லை என்ற கிளியரன்ஸ் லெட்டரையும், கொடுத்து வைத்த செக்கையும் கேட்டு வாங்குங்கள். வழக்கு ஏதும் இருந்தால் அதை வங்கி திரும்பப் பெற்றதற்கான காகிதமும் கைக்கு வரவேண்டும்.