இரண்டு எழுத்துச் சேர்த்தால் போதுமாம்

ஆங்கில இலக்கணக் கையேடுகள் ஒழுங்கான வினைச்சொற்களை ஒரே வரியில் முடித்துவிடுகின்றன: வினையின் இறுதியில் ‘இ’, ‘டி’ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் இறந்தகாலம் கிடைத்துவிடுமாம். அவற்றை எப்படி ஒலிப்பது என்பதைச் சொல்ல மட்டும் பல கையேடுகளுக்கு மனம் வருவதில்லை. ‘வாக்’ என்பதற்குப் பின் அவை ‘பாட்டு’ என்பதில் வரும் டகரத்தைப் போலவும், ‘பிளே’ என்பதற்குப் பின் ‘பாடு’ என்பதில் வரும் டகரத்தைப் போலவும், ‘வான்ட்’ போன்று டகர ஒலியில் முடிபவற்றுக்குப் பின் மட்டும் தனி அசையாகவும் ஒலிக்கின்றன. இதை அறியாத மாணவர்கள் ‘வாக்கெட்’, ‘குக்கெட்’ என்று படித்தால் அவர்களை எப்படிக் குறை சொல்வது? சில நூற்றாண்டுகளுக்கு முன் ஆங்கிலேயரே அப்படித் தனி அசையாகத்தான் ஒலித்தார்கள். ஒலி தேய்ந்த பின்னும் எழுத்து வீட்டைக் காலி செய்ய மறுக்கிறது.

எழுத்துக்கூட்டல் இதைவிடக் கொடுமை. ‘விசிட்’ என்பதில் கடைசி எழுத்து இரட்டிக்காது. ‘அட்மிட்’ என்பதில் இரட்டிக்கும், ஏனெனில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழுகிறதாம். சொல்லில் அழுத்தம் எங்கே விழுகிறது என்பதைத் தமிழ்க் காது பொருட்படுத்துவதே இல்லாதபோது, இந்த விதியை எதைக் கொண்டு பின்பற்றுவது? ‘டிராவல்’ என்பதன் கடைசி எழுத்தை இரட்டித்தால் அமெரிக்கர் திருத்துவார், இரட்டிக்காவிட்டால் பிரிட்டிஷ்காரர் திருத்துவார். போதாக்குறைக்கு, நிகழ்காலத்தில் நான், நீ, நாம், அவர்கள் என எல்லோருக்கும் மாறாமல் நிற்கும் வினை, ‘அவன்’, ‘அவள்’, ‘அது’ வந்தவுடன் மட்டும் ஓர் ‘எஸ்’ஸை ஒட்டிக்கொள்கிறது, தேர்வில் மதிப்பெண் பறிபோவதும் பெரும்பாலும் அந்த ஓர் எழுத்தில்தான்.