காலியான பேராசிரியர் இடங்கள்

ஹிட்லர் காலத்துச் சட்டப் பேராசிரியர்கள் என்றாலே எல்லாரும் நாஜி ஆட்சிக்குச் சட்ட நியாயம் சொன்ன கார்ல் ஷ்மிட்டைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். திட்ட வேண்டியவர்தான். ஆனால் எனக்கு மற்றவர்கள் மேல்தான் கோபம் அதிகம்.

1933 ஏப்ரலில் ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகச் சட்டப்புலத்தின் முதல்வராக இருந்தவர் ஹான்ஸ் கெல்சன், ஆஸ்திரிய அரசியலமைப்பை எழுதியவர்களில் முக்கியமானவர். யூதர்களையும் அரசியல் எதிரிகளையும் அரசு வேலையிலிருந்து விரட்டும் சட்டம் ஏப்ரல் 7 அன்று வந்தது. தன் வேலை போனதை, காலைச் சாப்பாட்டின்போது செய்தித்தாளைப் பார்த்துத்தான் கெல்சன் தெரிந்துகொண்டார். சக பேராசிரியர்கள் அவருக்காக அரசுக்கு மனுப் போட்டார்கள். ஷ்மிட் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. ஷ்மிட்டைக் கொலோனுக்கு அழைக்கச் சம்மதம் கொடுத்தவரே கெல்சன்தான். அடுத்த வருடம் ஹிட்லர் தன் எதிரிகளைக் கொன்று குவித்தபோது, தலைவர் சட்டத்தைக் காப்பாற்றுகிறார் என்று கட்டுரை எழுதினார் இந்த ஷ்மிட்.

அந்த மனுவால் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டவர்களை மதிக்கிறேன், ஏனென்றால் பல இடங்களில் அதுகூட நடக்கவில்லை. கீல் பல்கலைக்கழகத்தில் யூதப் பேராசிரியர்களை வெளியேற்றிவிட்டு, நாஜிக் கட்சிக்குத் தோதான இளைஞர்களைக் கொண்டுவந்தார்கள். கெர்ஹார்ட் ஹுசெர்ல் இருந்த இடத்துக்கு, முப்பது வயது கார்ல் லாரென்ஸ் வந்தார். ஜெர்மன் ரத்தம் உள்ளவருக்குத்தான் சட்டத்தில் முழு இடம் என்று 1935-இல் எழுதினார். துரத்தப்பட்டவரின் இடத்தில் உட்கார ஆள் கிடைத்துக்கொண்டே இருந்ததால்தான் சட்டப்புலங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. பாடம் நடந்தது, தேர்வு நடந்தது.

வேறு வழியில்லை என்பார்கள். ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மன் குடியரசின் வைமர் அரசியலமைப்புக்கு விளக்கவுரை எழுதிய கெர்ஹார்ட் அன்ஷூட்ஸ் ஹைடல்பெர்கில் பேராசிரியராக இருந்தார். புதிதாக உருவாகிவரும் அரசியல் சட்டத்தோடு தனக்கு உள்ளம் ஒட்டவில்லை, அதைக் கற்பிக்க முடியாது என்று 1933 மார்ச் கடைசியில் எழுதிக் கொடுத்துவிட்டு ஓய்வு கேட்டார். அவரைச் சிறையில் போடவில்லை. அவருக்கு 66 வயது, ஓய்வூதியம் உண்டு, குடும்பம் வளர்க்க வேண்டிய இளையவர்களுக்கு அது இல்லையே என்று கேட்கலாம். சரி, வேலையை விட முடியாதுதான். காலியான இடத்தை ஏற்காமல் இருந்திருக்கலாமே? ரத்தத்தைப் பற்றி எழுதாமல் இருந்திருக்கலாமே?

போருக்குப் பிறகு லாரென்ஸ் மறுபடியும் கீலில் பாடம் நடத்தினார், 1960-இல் மியூனிக் போனார். சட்டத்தை எப்படிப் பொருள்கொள்வது என்று அவர் எழுதிய நூல் தலைமுறைகளுக்குப் பாடநூலானது. அதைப் படித்த ஒவ்வொரு மாணவர் கையிலும் 1935-இல் அவர் எழுதியதையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும்.