ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம் நோய்ப் பட்டியலில் இல்லை

"கடத்தியவனையே நாயகி காதலித்தால் அது ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம். மருத்துவம் அங்கீகரித்த நோய், ஆகவே அவள் உணர்வு மொத்தமும் பொய்" என்று கதைகளைப் பற்றிப் பேசும்போது சிலர் சொல்வது தவறு. மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 (மனநோய்க் கையேடு), ஐசிடி-11 (உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல்) இரண்டிலும் அப்படியொரு நோயறிதல் கிடையாது.

இந்தப் பெயர் வந்தது ஒரு கொள்ளைச் சம்பவத்திலிருந்து. 1973 ஆகஸ்டில் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் ஒரு வங்கிக்குள் நான்கு ஊழியர்கள் ஆறு நாள் பணயக்கைதிகளாக இருந்தார்கள். அவர்களில் ஒருவரான கிறிஸ்டின் என்மார்க் உள்ளிருந்தே பிரதமர் ஒலாஃப் பால்மேயிடம் தொலைபேசியில் பேசினார். போலீஸ் புகுந்தால் தங்கள் உயிர் போகும் என்பதே அவர் அச்சம். இருபுறமும் துப்பாக்கி இருக்கும்போது அது மயக்கமா, கணக்கா? போலீசுக்கு ஆலோசனை சொன்ன மனநல மருத்துவர் நில்ஸ் பெஜெரோட்தான் அவர்கள் நடந்துகொண்ட விதத்தை உளவியல் சிக்கலாக விளக்கினார்.

கதாபாத்திரத்தை அலச இதைவிட உதவுவது ஆய்வாளர்கள் டட்டனும் பெயின்டரும் கொடுமைக்குள் உருவாகும் பற்றைப் பற்றி 1981-ல் சொன்ன இரண்டு நிபந்தனைகள்: அதிகாரம் ஒருபக்கம் குவிந்திருப்பது, கொடுமையும் கனிவும் விட்டுவிட்டு மாறி வருவது. இதில் உருவாகும் பற்று பொய்யே அல்ல. பற்றும் நிஜம், கொடுமையும் நிஜம்.

அதனால் காட்சிகளை வரிசையாகப் பாருங்கள். மன்னிப்புக் கேட்டபிறகு கடத்தியவன் நடத்தை மாறுகிறதா, அடுத்த அடி வரைக்கும்தானா? அவளுக்குச் சாவி, பணம், வெளியே ஓர் ஆள் எப்போது கிடைக்கிறது, கிடைத்தபின் என்ன செய்கிறாள்? ரசிகர்கள் (கதாபாத்திரங்களை ஜோடி சேர்த்து ரசிப்பவர்கள் குறிப்பாக) கோட்டைவிடுவது ஒன்று: கதை அவன் பார்வையில் ஓடும்போது அவள் மௌனம் சம்மதமாகத்தான் தெரியும்.