"சமமாகப் பரவும்" என்று எழுதியவன் நான்தான்

எங்கள் டீம் விக்கியில் குபெர்னெட்டீஸ் (பல கம்ப்யூட்டர்களில் ஆப்களை ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள்) பற்றி ஒரு பக்கம் இருக்கிறது, நான் எழுதியது. முதல் வரி: "இதைப் போட்டால் பாட்கள் எல்லா நோடுகளிலும் சமமாகப் பரவும்." பாட் என்பது ஓடும் ஆப்பின் ஒரு பிரதி, நோடு என்பது அதை ஓட்டும் கம்ப்யூட்டர். கீழே ஒரு துண்டு யாமல் (கான்ஃபிகரேஷன்): டோப்பாலஜி ஸ்ப்ரெட் கன்ஸ்ட்ரெயின்ட் (பாட்களைப் பரப்பும் விதி), மேக்ஸ்ஸ்க்யூ 1 (நோடுகளுக்கு இடையே எண்ணிக்கை வித்தியாசம் 1-ஐத் தாண்டக்கூடாது), ஷெட்யூல்எனிவே (விதிப்படி முடியாவிட்டாலும் எங்காவது வை). அவ்வளவுதான். எல்லாரும் அதைத்தான் காப்பி அடித்தார்கள்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி கெர்னல் பேட்ச் (ஆப்பரேட்டிங் சிஸ்டம் திருத்தம்) வேலை. மூன்று நோடு, ஆறு பாட், நோடுக்கு இரண்டு. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒவ்வொரு நோடாக டிரெய்ன் பண்ணி (புதியவை வராமல் பூட்டி, இருக்கும் பாட்களை வெளியேற்றி), ரீபூட் பண்ணி, திரும்பச் சேர்த்தார். ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: முதல் நோடைக் காலி செய்ததும் 0, 3, 3. இரண்டாவதைக் காலி செய்ததும் அந்த மூன்றும் முதலாவதுக்கு வந்து 3, 0, 3. மூன்றாவதும் முடிந்தபோது 3, 3, 0. எல்லாமே பச்சையாக இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. புதன்கிழமை மதியம் முதல் நோடு செத்தது. பாதி பாட் போச்சு. செத்த நோடில் இருந்தவற்றை வேறு இடத்தில் எழுப்ப டீஃபால்ட்டாகவே 5 நிமிடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் மிச்சம் மூன்றும் மொத்த டிராஃபிக்கையும் தாங்காமல் மெமரி தீர்ந்து வரிசையாக விழுந்தன. பக்கத்திலேயே ஒரு நோடு சும்மா உட்கார்ந்திருந்தது!

தம்பி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "அண்ணா, சமமா பரவும்னுதானே போட்டிருக்கு?"

எந்தப் பாட் எந்த நோடுக்கு என்று முடிவு செய்யும் ஷெட்யூலர் என்பது கல்யாணப் பந்தியில் வாசலில் நின்று "நீங்க அந்த வரிசையில உட்காருங்க" என்று சொல்பவர் மாதிரி. உள்ளே வரும்போது மட்டும்தான் அவருக்கு வேலை. பிறகு ஒரு வரிசையே எழுந்து போனாலும், சாப்பிட்டுக்கொண்டிருப்பவரை இலையோடு தூக்கி அங்கே உட்கார வைக்க மாட்டார். அதற்கு டீஷெட்யூலர் என்று தனியாக ஒன்றை நிறுவ வேண்டும், அதுவும் கை பிடித்து எழுப்பி வாசலுக்கு அனுப்பும், அவ்வளவுதான். ரோல்அவுட் ரீஸ்டார்ட் (எல்லாப் பாட்களையும் புதியவையாக மாற்றுவது) போதுமே என்பீர்கள். போதாது, பழைய பாட்களும் கணக்கில் வருவதால் புதியவை மறுபடி கோணலாக உட்காரலாம். அதே விதியில் மேட்ச்லேபிள்கீஸ் என்ற இடத்தில் பாட்-டெம்ப்ளேட்-ஹாஷ் (எந்தப் பதிப்பின் பாட் என்று காட்டும் குறி) கொடுத்தால்தான் புதியவற்றை மட்டும் எண்ணும்.

சரி, ஷெட்யூல்எனிவேக்குப் பதில் டூநாட்ஷெட்யூல் (விதி மீறினால் வைக்கவே வைக்காதே) போட்டால்? நானும் கோபத்தில் அதைத்தான் செய்தேன். அடுத்த பேட்ச் அன்று டிரெய்ன் பண்ணிய நோடிலிருந்து வெளியேறிய இரண்டு பாட்களும் இடம் கிடைக்காமல் பெண்டிங்கில் நின்றுவிட்டன. காரணம், அந்த விதி டீஃபால்ட்டாக டெயின்ட்டை, அதாவது நோடில் ஒட்டிய "இங்கே வராதே" குறியைப் பார்க்காது, அதனால் பூட்டிய நோடையும் "பூஜ்யம் பாட் உள்ள இடம்" என்று எண்ணிக்கொண்டு, மற்ற இரண்டில் எதில் வைத்தாலும் வித்தியாசம் 1-ஐத் தாண்டும் என்று அடம்பிடிக்கிறது. விதியில் நோட்டெயின்ட்ஸ்பாலிசியை ஹானர் (குறியை மதி) என்று மாற்றினால் சரி. ஒரே ஒரு வார்த்தை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை மணி நேரம்.

என் கருத்து இதுதான்: டாக்குமென்ட் எழுதுகிற நாம் எல்லாரும் "இது என்ன செய்யும்" என்று மட்டும் எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறோம். யாமலை எந்த முட்டாளும் தேடி எடுப்பான் (நான் எடுத்தேன்). ராத்திரி 2 மணிக்கு அந்தப் பக்கத்தைத் திறக்கிறவருக்கு, எப்போது அது செய்யாது என்பதுதான் வேண்டும். "எழுத நேரமில்லை" என்று சொல்லாதீர்கள், புதன்கிழமை மதியம் முழுக்க நேரம் எங்கிருந்து வந்தது?

பக்கத்தைத் திருத்திவிட்டேன். முதல் வரி இப்போது: "பாட் பிறக்கும்போது மட்டும் இடம் பார்த்து வைக்கும். பிறகு நகர்த்தாது. டிரெய்ன் முடிந்ததும் எந்த நோடில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்." எந்தப் பாட்களை எண்ணுவது என்று சொல்லும் லேபிள்செலக்டரில் எழுத்துப்பிழை இருந்தால் எந்த எர்ரரும் வராமல் கணக்கே தப்பாகும் என்ற வரியைத் தம்பியே சேர்த்திருக்கிறார். அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று நான் இன்னும் கேட்கவில்லை.