செர்தானுக்குப் பக்கத்தில் டில்லுக்கும் ஓர் இடம் வேண்டும்

பிரான்ஸின் மிடில்வெயிட் (நடுத்தர எடைப் பிரிவு) குத்துச்சண்டை என்றதும் மார்செல் செர்தான் பெயர்தான் முதலில் வரும். வரட்டும், அந்த இடம் அவருக்குத் தகும். ஆனால் அவரை எதற்காக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. பாடகி எடித் பியாஃபுடன் காதல், 1949 அக்டோபரில் நியூயார்க் கிளம்பிய விமானம் அட்லாண்டிக் கடலில் உள்ள அசோர்ஸ் தீவில் மலையில் மோதியது, அவர் உட்பட அதிலிருந்த 48 பேரும் இறந்தது. இந்தக் கதை செர்தானின் ஆட்டத்தையே மறைத்துவிட்டது. அவருக்கு முன் ஐந்து வருடத்துக்கும் மேல் உலகப் பட்டத்தை வைத்திருந்த மார்செல் டில் அடியோடு மறந்துபோனார்.

முதலில் செர்தான். அல்ஜீரியாவில் பிறந்து காசாபிளாங்காவில் வளர்ந்தவர். 1939லேயே ஐரோப்பிய வெல்டர்வெயிட் (மிடில்வெயிட்டைவிடக் குறைந்த எடைப் பிரிவு) சாம்பியன். அப்புறம் போர் வந்தது. ஒரு வீரரின் மிக நல்ல வருடங்கள் அதில் போய்விட்டன. அமெரிக்காவில் அவர் முதன்முதலாக ரிங்கில் ஏறியபோது வயது 30. உலகப் பட்டத்துக்கான வாய்ப்பு 32 வயதில்தான் கிடைத்தது. 1948 செப்டம்பர் 21, ஜெர்சி சிட்டி, எதிரே டோனி ஜேல். ராக்கி கிராசியானோவுடன் மூன்று முறை மோதி அதில் இரண்டில் ஜெயித்த இரும்பு மனிதர். செர்தான் பின்வாங்கவே இல்லை. உள்ளே புகுந்து, உடம்பிலும் தலையிலும் மாற்றி மாற்றிக் குத்தி, ரவுண்டுக்கு ரவுண்டு ஜேலைக் கரைத்தார். 11ஆவது ரவுண்டின் முடிவில் ஜேல் சரிந்தார், 12ஆவதுக்கு எழுந்து வரவில்லை. அதற்குப் பிறகு அவர் சண்டையே போடவில்லை. செர்தானின் பெருமைக்கு இந்த ஓர் இரவே போதும், விமான விபத்து தேவையில்லை.

ஆனால் பட்டம் அவரிடம் ஒன்பது மாதம்கூட நிற்கவில்லை. 1949 ஜூனில் டெட்ராய்ட்டில் ஜேக் லமோட்டாவுடன் மோதும்போது முதல் ரவுண்டிலேயே கீழே விழுந்து இடது தோளில் காயம். ஏறக்குறைய ஒற்றைக் கையோடு ஒன்பது ரவுண்டு நின்றார். பத்தாவதுக்கு வரவில்லை. மறுபடி லமோட்டாவைச் சந்திக்கத்தான் அந்த விமானத்தில் ஏறினார். பட்டத்தை ஒரு தடவைகூட வெற்றிகரமாகத் தற்காக்க முடியாமலே போய்விட்டார்.

டில்லின் கணக்கு நேர் எதிர். 1932 ஜூனில் பாரிஸில் கொரில்லா ஜோன்ஸிடமிருந்து பட்டத்தை எடுத்தார். மூன்றே வாரத்தில் லண்டனுக்குப் போய், லென் ஹார்வியை அவருடைய சொந்த நாட்டுக் கூட்டத்துக்கு முன்னாலேயே 15 ரவுண்டு ஆடிப் புள்ளிக்கணக்கில் ஜெயித்தார். அடுத்த வருடம் கியூபாவின் கிட் டூனெரோ. முன்பு பட்டமில்லாத சண்டையில் தன்னைத் தோற்கடித்தவரைப் பட்டச் சண்டையில் திருப்பி வென்றார். 1934இல் மேல் எடைக்குப் போய் ஐரோப்பிய லைட் ஹெவிவெயிட் பட்டத்தையும் எடுத்தார். வழுக்கைத் தலை, தடித்த தோள், தலையைக் குனிந்து முன்னேறிக்கொண்டே இருக்கும் ஆட்டம். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் எதிராளிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்காது.

குறை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஜோன்ஸைத் தகுதிநீக்கம் செய்ததால்தான் டில்லுக்குப் பட்டமே கிடைத்தது. 1936லும் 1937லும் லூ ப்ரூயாரை வென்றதும் அப்படியே, இடுப்புக்குக் கீழே குத்தியதற்காக ப்ரூயாரை நீக்கினார்கள். அமெரிக்கச் சங்கங்கள் வேறு தனியாகத் தங்கள் சாம்பியன்களை வைத்துக்கொண்டன. ஆகவே ஜேலை வென்ற செர்தானைப் போல எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே சாம்பியனாக டில் இருந்ததில்லை. திறமையில் செர்தான் ஒரு படி மேல் என்றே நானும் சொல்வேன். உச்சத்தில் இருக்கும் இருவரையும் ஒரே ரிங்கில் விட்டால் செர்தான் ஜெயிப்பார்.

ஆனால் சாம்பியன் என்பவரின் வேலை பட்டத்தை வெல்வதோடு முடிவதில்லை. தேடி வருகிறவர்களை எல்லாம் சந்தித்து அதைக் காப்பாற்ற வேண்டும். அந்த வேலையை வருடக்கணக்காகச் செய்தவர் டில். போரும் காயமும் விபத்தும் செர்தானுக்கு அந்த வாய்ப்பைத் தரவில்லை. அது அவர் தவறு இல்லை. ஆனால் அவர் ஆடியிருக்கக்கூடிய சண்டைகளை எல்லாம் வெற்றியாக எண்ணி, டில் உண்மையில் ஆடிய சண்டைகளைத் தள்ளிவைப்பது நியாயமே இல்லை.

டில்லைக் குறைத்துப் பேசுகிறவர்கள் 1937 செப்டம்பர் 23ஐ எடுத்துப் போடுவார்கள். நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸில் பிரெட் அப்போஸ்டோலியிடம் தோற்ற இரவு அது. அந்தச் சண்டையைப் பட்டச் சண்டையாக ஏற்கவே நியூயார்க்கின் குத்துச்சண்டைக் கமிஷன் மறுத்திருந்தது. அது தெரிந்தும் 33 வயதில் கடல் தாண்டிப் போய், இளம் வீரர் ஒருவர் எதிரே நின்றார் டில். கண்ணுக்கு மேல் கிழிந்து ரத்தம் கொட்ட, பத்தாவது ரவுண்டில் நடுவர் நிறுத்தும்வரை ஆடினார். அதோடு விளையாட்டை விட்டார். அந்தத் தோல்வியை நான் அவர் கணக்கில் கழிக்க மாட்டேன்.