முதலில் இடைவெளியை அளந்தீர்களா?

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த வீடியோதான் ஓடிக்கொண்டிருக்கிறது. இக்னிஷன் கிட் மாட்டின டர்போ கார் ஏற்றத்தில் திணறுகிற வீடியோ. எல்லாரும் பார்த்திருப்பீர்கள், முழுசாக விவரிக்கவில்லை. ஆரல்வாய்மொழி காற்றாலைகளுக்குப் பக்கத்தில் பானட்டைத் திறந்துவைத்து நிற்கிற வெள்ளை டர்போ வண்டி, உள்ளே பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தருகிற, சிவப்புத் தலை வைத்த மூன்று புதுக் காயில், பேட்டரி ஓரமாக டேப் சுற்றிய ஒரு 'பூஸ்டர்' பெட்டி. ஒருத்தர் கம்பெனியைத் திட்டுகிறார், ஒருத்தர் பெட்ரோலைத் திட்டுகிறார், இன்னொருத்தர் அரசாங்கத்தையே திட்டுகிறார். நான் ஒரே வரிதான் கேட்டேன்: ஸ்பார்க் பிளக் இடைவெளி எவ்வளவு வைத்தார்கள்? அதற்கு வந்த பதில்: "பாயிண்ட் செட் காலத்து ஆளெல்லாம் டர்போவுக்கு கிளாஸ் எடுக்க வந்தாச்சு."

பாயிண்ட் செட் என்றால் பழைய வண்டியில் காயில் கரண்ட்டை அறுத்துப் பொறி வரவைத்த தொடுமுனை. சரி. எடுக்கிறேன்.

பொறி பவர் தராது. உள்ளே போன காற்றும் பெட்ரோலும் எவ்வளவோ, பவர் அவ்வளவுதான். அதைச் சரியான நேரத்தில், ஒருமுறைகூடத் தவறாமல் பற்றவைப்பது மட்டும்தான் இக்னிஷனின் வேலை. தவறாமல் பற்றிக்கொண்டிருக்கிற எஞ்சினில் எவ்வளவு தடித்த பொறியை விட்டாலும் ஒரு குதிரைசக்திகூட ஏறாது. பற்றாமல் தவறுகிறது என்று தெரிந்த பிறகுதான் காயில், பெட்டி, வயர் பேச்சே. டர்போ வண்டியில் தவறுகிறது என்றால் முதல் சந்தேகம் பிளக்கும் அதன் இடைவெளியும்.

ஏன் என்று கேட்பவர்களுக்கு. பிளக்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே இருக்கிற காற்று எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ, அதைத் தாண்ட அவ்வளவு வோல்டேஜ் வேண்டும். டர்போ கூடுதலாகத் திணிக்கிற காற்றழுத்தம்தான் பூஸ்ட். 1 பார் பூஸ்ட் என்றால் உள்ளே போகும்போதே காற்றின் அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பு. பிஸ்டன் அதை மேலும் நெருக்கிவைத்த நேரத்தில்தான் பொறி தாண்ட வேண்டும். டர்போ இல்லாத எஞ்சினில் 1.0, 1.1 மி.மீ. இடைவெளி சுகமாக ஓடும். டர்போவில் பெரும்பாலும் 0.7, 0.8, பூஸ்ட்டை ஏற்றி டியூன் பண்ணின வண்டியில் 0.6 வரைக்கும் இறக்குவார்கள். கம்பெனி கையேட்டில் உங்கள் வண்டிக்கான எண் இருக்கும், அதுதான் வேதம். அந்தக் கிட்டில் வந்த பிளக்கைப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே மாட்டினதாக மாட்டின பையனே வீடியோவில் சொல்கிறான். "பெரிய கேப், பெரிய ஸ்பார்க்" என்று சிரிப்பு வேறு. டர்போ இல்லாத வண்டிக்கு அதில் அரை உண்மை உண்டு. டர்போவுக்கு இல்லை.

வோல்டேஜ் போதாமல் போனால் பொறி சும்மா இருந்துவிடாது. சுலபமான வேறு வழி தேடும். காயிலின் ரப்பர் உறைக்குள்ளே, பிளக் பீங்கானின் வெளிப்பக்கமாக இறங்கி எஞ்சின் ஹெட்டுக்கு, அதாவது சிலிண்டரின் மேல்மூடிக்குப் போய்விடும். கழற்றிப் பார்த்தால் பீங்கானில் பென்சிலால் கிழித்தது மாதிரி மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு. அந்தக் கோடு விழுந்த பிளக்கும் ரப்பர் உறையும் இனி ஆகாது. துடைத்துப் போட்டால் அதே தடத்தில்தான் மறுபடியும் ஓடும். பீங்கான் அடியில், இரும்பு உடம்பை ஒட்டிக் காவி நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தால் அது வேறு சமாச்சாரம். கேஸ் லீக் என்று சொல்லி அதற்கும் பிளக் விற்பார்கள். லீக் இல்லை, அங்கே இருக்கிற உயர் வோல்டேஜ் எண்ணெய்த் தூசியை இழுத்து ஒட்டவைத்த கறை. பயப்பட வேண்டாம்.

வண்டி டவுனுக்குள் நன்றாக ஓடியது, ஏற்றத்தில்தான் போனது என்கிறார்களே, அதற்கும் காரணம் இதுதான். சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்துக்குப் போவது அதிக வேகத்தில் இல்லை, அதிக டார்க்கில், அதாவது எஞ்சினின் இழுவை உச்சத்தில். 2000-க்கும் 4000 ஆர்பிஎம்முக்கும் நடுவே, ஆள் நிறைய ஏற்றி, நாலாம் கியரில் ஆக்சிலேட்டரை முழுசாக மிதிக்கிற இடத்தில். வடசேரி நெரிசலில் ஊர்ந்து போகும்போது 1.1 கேப்பும் வேலை செய்யும். பேச்சிப்பாறை தாண்டி கோதையாறு மலையில் ஏறும்போது மிஸ்ஸிங் அடிக்கும், அதாவது பற்றாமல் தவறும். செக் எஞ்சின் லைட் விட்டு விட்டு மின்னினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போகிறது, அது உள்ளே உருகப் போகிறது என்று அர்த்தம். காலை எடுக்க வேண்டும். அந்த வீடியோவில் லைட் மின்ன மின்ன "பாருங்க, பாருங்க" என்று மிதித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அந்தப் பெட்டிக்கு வருகிறேன். சிடிஐ வகைப் பெட்டி, அதாவது கெபாசிட்டரில் சேர்த்துவைத்ததைக் காயிலுக்குள் ஒரே அடியாக விடுகிற பெட்டி, நல்ல கண்டுபிடிப்பு, நான் மறுக்கவில்லை. ஒரே காயிலின் பொறியை எல்லாச் சிலிண்டருக்கும் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த பழைய எஞ்சினுக்கு அது பெரிய வரம். நாலு சிலிண்டருக்கும் ஒரே காயில் என்றால் 6000 ஆர்பிஎம்மில் ஒரு பொறிக்கும் அடுத்த பொறிக்கும் நடுவே 5 மில்லிசெகண்ட்தான். அதற்குள் சாதாரணக் காயில் நிறைவதற்குத் திணறும், சிடிஐ பட்டென்று நிறைத்துவிடும். ஆனால் இன்றைக்கு வருகிற டர்போ வண்டியில் சிலிண்டருக்கு ஒரு காயில். அதே 6000-ல் ஒவ்வொரு காயிலுக்கும் 20 மில்லிசெகண்ட் கிடைக்கிறது. நிறைவதற்கு வேண்டியது பெரும்பாலும் 2 முதல் 4 தான். இல்லாத பஞ்சத்துக்கு எதற்கு நிவாரணம்? பத்தாததற்கு சிடிஐ பொறி பலமாக இருந்தாலும் ஆயுசு குறைவு. சாதாரணக் காயிலின் பொறி ஒன்றிரண்டு மில்லிசெகண்ட் நின்று எரியும். ஒரு தடவைக்குப் பல பொறி என்று விளம்பரம் செய்கிறார்களே, எம்எஸ்டி கம்பெனியின் 6 வரிசைப் பெட்டியிலேயே அது 3000 ஆர்பிஎம் வரைக்கும்தான். அதற்கு மேல் ஒரே பொறி.

அதைவிட மோசம், எஞ்சினை ஆளுகிற கம்ப்யூட்டரான இசியு நேரடியாக ஓட்டுகிற காயில் வயரை வெட்டி நடுவே ஒன்றைச் செருகுவது. சில காயிலுக்குள்ளேயே கரண்ட்டை அறுக்கிற இக்னைட்டர் இருக்கும், அதற்கு இசியு 5 வோல்ட் சைகை மட்டும் அனுப்பும். சில காயிலுக்கு உள்ளே ஒன்றும் இல்லை, மொத்தக் கரண்ட்டையும் வெளியே இருக்கிற டிரைவர்தான் அறுக்க வேண்டும். இந்த இரண்டையும் மாற்றி மாட்டினால் காயில் போகும், இல்லையென்றால் இசியுவுக்குள் இருக்கிற டிரைவர் போகும். கனெக்டர் ஒரே மாதிரி சொருகுகிறது என்பதற்காக உள்ளே ஒரே மாதிரி இருக்காது. காயில் மாற்றினால் டிவெல் நேரத்தையும், அதாவது காயில் நிறைய விடுகிற நேரத்தையும், அந்தக் காயிலுக்குத் தக்கபடி இசியுவில் மாற்ற வேண்டும். கூடினால் காயில் வெந்துபோகும், குறைந்தால் பொறி பழையதைவிட மெலியும். கிட்டை மாட்டினவரிடம் டிவெல் எவ்வளவு வைத்தீர்கள் என்று யாராவது கேட்டீர்களா? இடைவெளியையே கேட்கவில்லை, இதை எங்கே கேட்பது.

இப்போது எதிர்வாதங்கள். "வெளிநாட்டில் எல்லாரும் போடுகிறார்கள்." போடுகிறார்கள். ஃபோக்ஸ்வேகன் 2.0 டிஎஸ்ஐ டர்போ எஞ்சினுக்கு ஆடி ஆர்8 காயிலை மாற்றுவது அங்கே சாதாரணம். அவர்கள் பெரிய டர்போ வைத்து, பூஸ்ட்டை ஏற்றி, ஓடும்போது இசியு தருகிற எண்களின் பதிவை, அதாவது லாக்கை, எடுத்துப் பார்த்துவிட்டு மாற்றுகிறார்கள். நீங்கள் ஷோரூமிலிருந்து வந்தபடியே இருக்கிற வண்டிக்கு நிறத்தைப் பார்த்து மாற்றுகிறீர்கள்.

"போட்டதும் பிக்கப் கூடிச்சு, நாங்க உணர்ந்தோம்." கூடியிருக்கலாம், பொய் சொல்கிறீர்கள் என்று சொல்லவில்லை. தேய்ந்த பிளக்கைக் கழற்றிப் புதுசு போட்டாலே எந்த வண்டியும் கொஞ்சம் துள்ளும். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினதில் இசியு பழைய கற்றலை மறந்து புதுசாக ஆரம்பிக்கும், அதுவும் இரண்டு நாள் வித்தியாசமாகத் தெரியும். வெறும் பிளக்கை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்த்த பிறகு பெட்டிக்குக் காசு கொடுத்திருந்தால் எது வேலை செய்தது என்று தெரிந்திருக்கும்.

"எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம்." மழைக்காலத்தில் டேங்குக்குள் தண்ணீர் இறங்கினால் எத்தனால் அதோடு சேர்ந்து அடியில் தங்கும், வண்டி திணறும், உண்மைதான். ஆனால் அப்படி ஆனால் ஐடிலிலேயே நடுங்கும், ஸ்டார்ட் ஆகவே மறுக்கும். ஏற்றத்தில் பூஸ்ட் வரும்போது மட்டும் கரெக்டாக மிஸ்ஸிங் அடிக்கிற தண்ணீரை நான் பார்த்ததில்லை. மைலேஜ் குறைவது, பழைய ரப்பர் கெடுவது, அதெல்லாம் தனி வழக்கு.

"டர்போன்னா என்ன, என் வண்டியும் டர்போதான், எனக்கும் இந்த கிட் போடலாமா அண்ணே" என்று டீசல் வண்டிக்காரர் ஒருத்தர் இன்பாக்சில் கேட்டிருந்தார். டீசலில் பொறியே கிடையாது, அண்ணாச்சி. ஹீட்டர் பிளக் இருக்கிறது, அது குளிரில் ஸ்டார்ட் ஆக. நம்ம ஊர் வெயிலுக்கு அதற்கே பெரிய வேலை இல்லை. அவருக்கும் ஒரு பெட்டி இருக்கிறது என்று ஒரு கடையில் சொன்னார்களாம்!

நம்ம குமரி மாவட்டத்தில் கிட் வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது கடற்காற்று. குளச்சல், முட்டம், மணக்குடி பக்கம் வெளியே நிறுத்துகிற வண்டியில் காயில் கனெக்டருக்குள் பித்தளைப் பின் பச்சை பூத்திருக்கும். எஞ்சினுக்கும் பாடிக்கும் போகிற எர்த் பட்டை துருவேறி நூலில் தொங்கும். எஞ்சின் ஓடும்போது, ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை எஞ்சின் ஹெட்டிலும் இன்னொன்றை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பேட்டரியில் 14 இருந்து காயில் பின்னில் 12.5 வந்தால் எந்தச் சிவப்புக் காயிலும் ஒன்றும் செய்யாது. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் நமக்கு உண்டு. பானட்டைத் தண்ணீர் பீச்சிக் கழுவினால் பிளக் குழிக்குள் தண்ணீர் தேங்கும், அடுத்த நாள் மிஸ்ஸிங். குழிக்குள் காற்றடித்துவிட்டுத்தான் பிளக்கைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் மணல் நேராக சிலிண்டருக்குள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், சூட்டில் கழற்றினால் அலுமினிய மரை பிய்த்துக்கொண்டு வரும்.

எந்தக் காயில் என்று தெரிய ஸ்கேனர் போட்டால் பி0302 என்று வரும், அதாவது இரண்டாம் சிலிண்டர். அந்தக் காயிலை மூன்றாவதில் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். ஸ்கேனர் காட்டுகிற எண்ணும் பி0303 ஆக மாறினால் காயில் குற்றவாளி, ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். மாறவில்லையா, பிளக்கை இடம் மாற்றுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் பக்கம் போங்கள், இக்னிஷன் கடைப் பக்கம் போகாதீர்கள்.

இடைவெளி அளப்பதற்கு வட்டக் காசு மாதிரி வருகிற கேஜ் வேண்டாம். இரிடியம் பிளக்கின் நடு முனை ஊசி மாதிரி, அதில் நெம்பினால் உடையும். கம்பி கேஜ் வைத்து அளந்து, மேலே வளைந்த முனையை மட்டும் லேசாகத் தட்ட வேண்டும். 0.2 மி.மீ.க்கு மேல் மாற்ற வேண்டியிருந்தால் அது உங்கள் வண்டிக்கான பிளக் இல்லை, வேறு நம்பர் வாங்குங்கள். கீழே விழுந்த பிளக்கை மாட்டாதீர்கள், பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும். இறுக்குகிற முறுக்கு 14 மி.மீ. மரைக்கு 25–30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ.க்கு 15–20. முலாம் பூசின மரையில் கிரீஸ் தடவினால் அதே முறுக்கில் அளவுக்கு மீறி இறுகிவிடும், தடவ வேண்டாம். நம்பரில் ஆர் எழுத்து இருக்கிற ரெசிஸ்டர் பிளக் மட்டும், இல்லையென்றால் பொறியின் மின் இரைச்சலில் இசியு குழம்பும். ஹீட் ரேஞ்ச் என்றால் பிளக் முனை சூட்டை எவ்வளவு வேகமாக இறக்குகிறது என்பதற்கான எண். அதில் என்ஜிகே, டென்சோ பிராண்ட் இரண்டிலும் எண் கூடினால் பிளக் குளிர்ச்சி, பாஷில் நேர்மாறு. இதை மாற்றிப் புரிந்துகொண்டு பாஷில் 'கூட்டி' வாங்கினால் டர்போவில் சூடான பிளக் போட்டதாகிவிடும். முனை 800 டிகிரியைத் தாண்டினால் பொறிக்கு முன்னாலேயே பற்றும், பிஸ்டன் தாங்காது. டியூன் செய்யாத வண்டிக்குக் குளிர்ந்ததும் வேண்டாம். 450-க்குக் கீழே இருந்தால் முனை தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யாது, கரி பிடிக்கும்.

பூஸ்ட் ஏற்றி டியூன் பண்ணி, இடைவெளியை 0.6-க்கு இறக்கி, ஒரு படி குளிர்ந்த பிளக் போட்டும் லாக்கில் மிஸ்ஃபயர் எண்ணிக்கை ஏறுகிறதா? அப்போது தாராளமாகக் காயில் மாற்றுங்கள். டிவெல் அட்டவணை தருகிற காயிலாகப் பார்த்து, அதே இசியு டியூனரிடம் கொடுத்து. அதற்கு நானே ஆள் சொல்கிறேன்.

எனக்கு வருத்தம் அந்தப் பதில் இல்லை. அம்பாசடருக்குப் பாயிண்ட் இடைவெளி 0.4-ல் வைக்க ஃபீலர் கேஜைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்த தக்கலை மேஸ்திரியிடம் தொழில் படித்தவன் நான். அதைக் கேலியாகச் சொன்னால் எனக்கு ஒன்றும் குறையாது. வருத்தம் வேறு. அரை மணி நேரம் பிளக்கைக் கழற்றி அளந்து, எர்த் பார்த்து, "ஒண்ணும் மாத்த வேண்டாம்" என்று சொல்லி ஐந்நூறு ரூபாய் கேட்டால், "சும்மா பாத்ததுக்கு ஐந்நூறா?" என்கிறீர்கள். பெட்டியில் அடைத்து ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தால் பதினெட்டாயிரத்தை ஜிபேயில் சிரித்துக்கொண்டே அனுப்புகிறீர்கள். பிறகு பையன்கள் பார்த்துச் சொல்கிற தொழிலை ஏன் படிப்பார்கள்? பெட்டி மாட்டுகிற தொழிலைத்தான் படிப்பார்கள். முறுக்கை அளந்து இறுக்குகிற டார்க் ரெஞ்ச் வாங்கித் தந்தால் அது மூலையில் கிடக்கிறது, "கை கணக்கு தெரியும்ணே" என்கிறான். அவனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை.

வியாபாரம் போய்விட்டது என்ற வயிற்றெரிச்சல் என்று எழுதப்போகிறவர்கள் எழுதுங்கள். அந்தப் பெட்டியை விற்றால் எனக்கும் கமிஷன் உண்டு, கேட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அதை இங்கே பேச வேண்டாம்.

கமெண்டில் கேட்கிறவர்கள் வண்டி மாடல், வருஷம், ஓடின கிலோமீட்டர், இப்போது போட்டிருக்கிற பிளக் நம்பர், அளந்த இடைவெளி, இத்தனையும் எழுதிக் கேளுங்கள். "அண்ணே எந்த கிட் நல்லது" என்று மட்டும் கேட்டால் பதில் சொல்ல மாட்டேன்.